வாடகை வீடு: கைக்கு வருவதும் கையில் நிற்பதும்

குடியிருக்க ஒரு வீடு அமைந்த பின், நடுத்தரக் குடும்பங்களில் அடுத்து எழும் விருப்பம் பெரும்பாலும் ஒன்றே: வாடகைக்கு விட இன்னொரு வீடு வேண்டும். பணி ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடை, வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம், ஊரில் இருந்த நிலத்தை விற்ற தொகை ஆகியவை கட்டடமாக மாறினால் மாதந்தோறும் வாடகை வரும். சொத்தும் வளரும் என்பது பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதி ஒரே கட்டடத்தில் போய் நிற்கப் போகிறது என்பதால், கையொப்பம் இடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது.

வங்கிக்கு வரும் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது, "எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதாகும். அடுத்தது, "மாதத் தவணை எவ்வளவு?" என்பது. "எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு என் கையில் எவ்வளவு நிற்கும்?" என்ற கேள்வி அபூர்வமாகவே வருகிறது. வாடகைக்கு விடும் நோக்கத்துடன் வீடு வாங்குவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி அதுவே. அந்த விடையைக் காணும் முறையை, எளிய எண்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முதல் கணக்கு: கடனில் வாங்கும் அடுக்குமாடி வீடு

தமிழ்நாட்டின் ஒரு நகரின் புறநகரில், ஒருவர் குடியிருந்த அடுக்குமாடி வீடு 50,00,000 ரூபாய்க்கு மறுகிரயத்திற்கு வருவதாகக் கொள்வோம். மாத வாடகை 15,000 ரூபாய் கிடைக்கும் எனத் தரகர் சொல்கிறார்.

விலை 50,00,000 ரூபாய் என்றாலும் அடக்கவிலை அதனினும் கூடுதல். தமிழ்நாட்டில் இத்தகைய கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 4,50,000 ரூபாய். வழக்கறிஞரின் கருத்துரை, வண்ணப்பூச்சு, அலமாரி, மின்விசிறி, குழாய்ச் சீரமைப்பு ஆகியவற்றுக்கு 1,50,000 ரூபாய். மொத்த அடக்கம் 56,00,000 ரூபாய்.

பாரத ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன்களில் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரையே கடன் வழங்கலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேரா. எனவே கடன் 40,00,000 ரூபாய். கைப்பணம் 16,00,000 ரூபாய்.

இனி வருமானம். ஆண்டு வாடகை 1,80,000 ரூபாய். இதிலிருந்து கழிக்க வேண்டியவை: ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் எனக் கொண்டு 15,000, சொத்து வரி 5,000, பழுதுபார்ப்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் ஒதுக்க வேண்டியது 12,000, இரண்டாண்டுக்கு ஒரு முறை தரகுக் கட்டணம் என்ற அளவில் 7,500, கட்டடக் காப்பீடு 2,500. மொத்தம் 42,000 ரூபாய். கையில் நிற்பது ஆண்டுக்கு 1,38,000 ரூபாய், அதாவது மாதம் 11,500 ரூபாய். அடக்கவிலையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 2.5 சதவீதம் மட்டுமே. தரகர் சொன்ன வாடகையை வீட்டு விலையோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் 3.6 சதவீதம் எனத் தோன்றியிருக்கும்.

மறுபுறம், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 40,00,000 ரூபாய் கடனுக்கான மாதத் தவணை 34,713 ரூபாய். வாடகையில் நிற்கும் 11,500 ரூபாய் போக, மாதம் 23,213 ரூபாயைத் தம் சம்பளத்திலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோ வீட்டுக்காரர் போட வேண்டும். முதல் ஆண்டில் செலுத்தும் 4,16,556 ரூபாயில் அசலுக்குப் போவது சுமார் 80,000 ரூபாய். எஞ்சியது முழுவதும் வட்டி. வட்டி விகிதம் மாறுபடும் வகைக் கடனாக இருந்து, அது 9.5 சதவீதமாக உயர்ந்தால் தவணை 37,285 ரூபாயாகும். கிடைக்கும் வாடகை அதற்காக உயராது.

"வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற வழக்கமான பேச்சை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கலாம். இதே வட்டியிலும் காலத்திலும் 10,00,000 ரூபாய் கடனுக்குத் தவணை 8,678 ரூபாய். 11,500 ரூபாய் நிகர வாடகையால் தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 13,25,000 ரூபாய்தான். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாயையும் வேறு வருமானமே சுமக்கிறது. பணியில் இருப்பவர், தம் வருமானத்தில் அந்தச் சுமையைத் தாங்க இயலுமானால், இதனை நீண்ட காலச் சேமிப்பாகக் கருதி வாங்கலாம். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், வாடகையை நம்பி இத்தகைய கடனில் இறங்குவது முதுமைக்குப் பொருந்தாது.

இரண்டாம் கணக்கு: சொந்த வீட்டின் மேல் ஒரு பகுதி

அதே 16,00,000 ரூபாய் கைப்பணம் உள்ள இன்னொருவர், தாம் குடியிருக்கும் வீட்டின் மாடியில் 600 சதுர அடியில் ஒரு பகுதி கட்டுவதாகக் கொள்வோம். சதுர அடிக்கு 2,400 ரூபாய் வீதம் 14,40,000 ரூபாய். வரைபட அனுமதி, தனி மின் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி, வெளிப்புறப் படிக்கட்டு ஆகியவற்றுக்கு 1,60,000 ரூபாய். மொத்தம் 16,00,000 ரூபாய். நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, கிரயப் பதிவும் இல்லை, கடனும் இல்லை.

மாத வாடகை 9,000 ரூபாய் எனில் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். ஒரு மாதக் காலி 9,000, கூடுதல் சொத்து வரி 3,000, பழுதுபார்ப்பு 8,000, பிற செலவுகள் 4,000 எனக் கழித்தால் நிற்பது 84,000 ரூபாய். இது 5.25 சதவீதம். முதல் கணக்கில் 16 லட்சத்தைப் போட்டவர் மாதம் 23,213 ரூபாய் கையிலிருந்து கட்டுகிறார்; இரண்டாம் கணக்கில் அதே 16 லட்சத்தைப் போட்டவர் மாதம் 7,000 ரூபாய் பெறுகிறார்.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. கீழ்த்தளத்தின் அடித்தளமும் தூண்களும் மேல்தளத்தைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் அனுமதியின்றிக் கட்டிய தளத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம்; பிற்காலத்தில் விற்பதும் சிக்கலாகும். ஒரே மின் அளவியிலிருந்து இரு குடும்பங்களுக்கும் மின்சாரம் எடுத்தால் மாதந்தோறும் மனத்தாங்கல் வரும். குடியிருப்பவர் நம் கூடத்தின் வழியாக மாடி ஏற வேண்டியிருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி இராது. வீட்டின் பின்புறத்திலோ மாடியிலோ தனி வாசலும் தனிப் படிக்கட்டும் அமையுமானால் மட்டுமே இத்திட்டம் சிறக்கும்.

மூன்றாம் ஒப்பீடு: வைப்புத் திட்டம்

வங்கி அலுவலர் என்ற முறையில் ஒரு நேர்மையான ஒப்பீட்டையும் இங்கு வைக்க வேண்டும். 60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்யலாம். இக்கட்டுரை எழுதப்படும் காலத்தில் வட்டி 8.2 சதவீதம். 16,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 1,31,200 ரூபாய், காலாண்டுக்கு 32,800 ரூபாயாகக் கணக்கில் வரவாகும். குழாய் உடைந்தது என்று யாரும் இரவில் அழைக்கமாட்டார்கள்.

அப்படியானால் மாடியில் கட்டுவது வீணா? இல்லை. வைப்பின் வட்டி, முதிர்வுக் காலம் வரை மாறாது. வாடகை ஆண்டுதோறும் கூடும். ஆண்டுக்கு 5 சதவீதம் நிகர வாடகை உயர்வதாகக் கொண்டால், 84,000 ரூபாய் 1,31,200 ரூபாயைத் தொட ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். 45 வயதுடையவருக்கு ஒன்பது ஆண்டுகள் பெரிதல்ல. 68 வயதுடையவர் அந்தக் காத்திருப்பைத் தம் உடல்நிலையோடும் மருத்துவச் செலவோடும் சேர்த்து எண்ண வேண்டும். மேலும், அவசரத் தேவைக்கு வைப்பை முன்கூட்டியே முடித்துப் பணம் பெறலாம். வீட்டின் ஓர் அறையை மட்டும் விற்க இயலாது. ஆகவே மூத்தவர்கள் முழுத் தொகையையும் கட்டடத்தில் இடாமல், குறைந்தது இரண்டாண்டுக் குடும்பச் செலவுக்கான தொகையை வைப்பில் நிறுத்திய பிறகே கட்டடத்தைப் பற்றிச் சிந்திப்பது நலம்.

காலியாகக் கிடக்கும் மாதம்

வாடகை வருமானத்தின் முதல் எதிரி பூட்டிய கதவு. 9,000 ரூபாய் வாடகை கேட்கும் வீட்டுக்கு 8,500 ரூபாய் தருவதாக நல்ல குடும்பம் ஒன்று வருகிறது. 500 ரூபாயை விட்டுக்கொடுக்க மனமின்றி ஒரு மாதம் பூட்டி வைத்தால் இழப்பு 9,000 ரூபாய். 500 ரூபாயைக் குறைத்துக் கொடுத்திருந்தால் முழு ஆண்டுக்கும் இழப்பு 6,000 ரூபாய்தான்.

எனவே வீட்டை வாங்குமுன், வாடகைக்கு வீடு தேடுபவராகவே அந்தத் தெருவில் விசாரிப்பது பயன் தரும். எத்தனை வீடுகளில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்குகிறது, கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா, மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்குமா, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவு என்பவற்றை ஒரு மாலை நேர நடையில் அறிந்துவிடலாம். ஒரே தொழிற்சாலையையோ ஒரே கல்லூரியையோ மட்டும் நம்பியுள்ள பகுதியில் அதன் நிலை மாறினால் வாடகையும் மாறும். மருத்துவமனை, பள்ளி, சந்தை, தொழிற்பேட்டை எனப் பலவும் சூழ்ந்த இடம் பாதுகாப்பானது. அதே தொகையில் ஒரு பெரிய வீட்டைக் காட்டிலும் இரண்டு சிறிய வீடுகள் அமையுமானால், ஒன்று காலியாக இருக்கும்போது மற்றொன்றிலிருந்து வருமானம் தொடரும்.

குடியிருப்பவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கறிவு வேண்டும். ஒழுங்காகப் பணம் செலுத்துவாரா, வீட்டைப் பேணுவாரா என்பவையே அளவுகோல்கள். சாதி, மதம், உணவுப் பழக்கம் ஆகியவற்றைக் காரணம் காட்டி வருவோரைத் திருப்பி அனுப்புவது முறையற்றது. பூட்டிக் கிடக்கும் மாதங்களையும் அது பெருக்குகிறது.

முன்பணம் ஒரு கடன்

குடியிருப்பவர் தரும் முன்பணத்தைப் பலர் வருமானமாகக் கருதிச் செலவிட்டுவிடுகின்றனர். அவர் காலி செய்யும் நாளில், புதியவரிடம் முன்பணம் வாங்கிப் பழையவருக்குக் கொடுக்கும் நிலை உண்டாகிறது. புதியவர் வரத் தாமதமானால் வழக்கும் வாய்ச்சண்டையும் வருகின்றன. முன்பணம் என்பது திருப்பித் தர வேண்டிய கடன். அதனை ஒரு தனி நிலை வைப்பில் இட்டு வைத்தால், வட்டி வீட்டுக்காரருக்கு. அசல் எப்போதும் தயார்.

தமிழ்நாட்டில் போக்கியம் என்றும் லீஸ் என்றும் வழங்கும் முறையில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. மாத வாடகை இல்லாமல் பல லட்சம் ரூபாயை மொத்தமாகப் பெற்று, காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகையை மகளின் திருமணத்துக்கோ பழைய கடனை அடைக்கவோ செலவிட்டவர், மூன்றாண்டு முடிவில் வீட்டையே விற்க நேரலாம். அதைத் திருப்பித் தரும் வழி எழுத்தில் தெளிவாக இல்லாதவர்கள் இம்முறையைத் தவிர்ப்பது நல்லது.

எழுத்தில் இல்லாதது நிற்காது

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் வழக்கமானதற்கு இதுவே காரணம். ஆனால் மாநிலச் சட்டங்கள் தனித்தனி. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால அளவு எதுவாயினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தமிழ்நாட்டில், 2019இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை ஆணையத்தில் அதன் பதிவையும் வேண்டுகிறது. 2021இல் மத்திய அரசு ஏற்று மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையும் பிற கட்டடங்களுக்கு ஆறு மாத வாடகையையும் முன்பணத்தின் உச்ச வரம்பாகக் கூறுகிறது. வெளி மாநிலத்தில் வீடு வைத்திருக்கும் வாசகர்கள் அந்த மாநிலச் சட்டத்தைக் கேட்டறிந்து ஒப்பந்தம் எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தில் வாடகை, செலுத்தும் நாள், ஆண்டு உயர்வு, முன்பணம், காலி செய்வதற்கான முன்னறிவிப்பு, எந்தப் பழுதை யார் சரிசெய்வது, பராமரிப்புக் கட்டணம் யாருடையது ஆகியவை தெளிவாக இருக்கட்டும். மின்விசிறி, குழாய், சாவி ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட்டு, ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து வைத்தால், காலி செய்யும் நாளில் வாதம் எழாது.

வருமான வரி

வீட்டு வாடகையில் உள்ளாட்சிக்குச் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலையான கழிவாகப் பெறலாம். உண்மையில் எவ்வளவு பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இந்தக் கழிவு மாறாது. சொத்து வரியை அந்த ஆண்டிலேயே உரிமையாளர் செலுத்தியிருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இதன் பின் கடன் வட்டி கழிக்கப்படும்.

முதல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 11 மாத வாடகை 1,65,000. சொத்து வரி 5,000 போக 1,60,000. 30 சதவீதக் கழிவு 48,000 போக 1,12,000. முதலாண்டு வட்டி சுமார் 3,37,000 என்பதால் 2,25,000 ரூபாய் நட்டம். பழைய வரி முறையைத் தேர்ந்தவர் இதில் 2,00,000 ரூபாய் வரை சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுகட்டலாம். எஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை வீட்டு வருமானத்தில் ஈடுகட்ட எடுத்துச் செல்லலாம். புதிய வரி முறையில் வாடகைக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாமே தவிர, நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட இயலாது. "வீட்டுக் கடன் எடுத்தால் வரி மிச்சம்" என்ற பழைய அறிவுரையை நம்பிக் கடன் எடுப்பவர், தாம் எந்த முறையில் இருக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உரிமையாளருக்கு வாடகை செலுத்துபவர், தொகை சிறிதானாலும் வரிப் பிடித்தம் செய்தாக வேண்டும். உள்நாட்டு உரிமையாளருக்கு மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை செலுத்தும் தனிநபர், 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம் பிடித்தம் செய்கிறார்.

கணக்கில் ஓர் ஒழுங்கு

வாடகைக்கென ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, வாடகையை அதிலேயே பெற்று, வீட்டுச் செலவுகளை அதிலிருந்தே செய்வது பெரிதும் உதவும். ஆண்டிறுதியில் கணக்குப் புத்தகமே வரவு செலவைக் கூறிவிடும். மேலும் ஒரு கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வாடகையை வருமானமாகக் காட்ட விரும்புவோரிடம் வங்கிகள் பொதுவாக எதிர்பார்ப்பது முறையான ஒப்பந்தம், கணக்கில் வரவு, வருமான வரிப் படிவம் ஆகிய மூன்றையும்தான். ரொக்கமாகக் கைமாறும் வாடகை எவ்வளவு பெரிதானாலும் கடன் தகுதிக்குப் பயன்படாது.

அக்கணக்கிலிருந்து மாதந்தோறும் வாடகையில் பத்தில் ஒரு பங்கு தொடர் வைப்புக்குச் செல்லுமாறு செய்துவிட்டால், ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் வண்ணப்பூச்சும் மோட்டார்ப் பழுதும் குடும்பச் செலவைத் தொடாது. மூன்று மாதத் தவணைக்கு ஈடான தொகை எப்போதும் இருப்பில் இருப்பது, வீடு காலியாகும் காலத்தில் தவணை தவறாமல் காக்கும். மிஞ்சும் தொகையைக் கொண்டு கடன் அசலை இடையிடையே குறைக்கலாம். தனிநபர்கள் பெற்ற, வட்டி மாறுபடும் வகை வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதக் கட்டணம் வசூலிப்பதில்லை.

வீடு வாங்க எண்ணும் வாசகர்கள், மேலே கண்ட முதல் கணக்கைத் தங்கள் எண்களைக் கொண்டு ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்: முழு அடக்கவிலை, பதினொரு மாத வாடகை, எல்லாச் செலவுகள், நிகர வருமானம், அந்த நிகர வருமானம் தாங்கும் கடன். கடைசி வரிக்கும் கேட்க எண்ணியுள்ள கடனுக்கும் இடையே உள்ள தொகையை எந்த வருமானம், எத்தனை ஆண்டுகள் சுமக்கும் என்பதையும் அதன் கீழ் எழுதுங்கள். அந்தத் தாளுடன் கிளைக்கு வரும் வாடிக்கையாளருக்குத்தான் எங்களால் பொருத்தமான கடனைப் பரிந்துரைக்க முடியும். சில நேரங்களில், கடன் வேண்டாம் என்ற ஆலோசனையையும் தர முடியும்.